ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய வசனம்

அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒரு நடிகனை எடைபோட ஒரே முறைதான் இருந்தது. நீளமான ஒரு வசனத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லி முடிப்பானா, மாட்டானா என்பதுதான் அது. முகபாவம், நடை, குரல் எல்லாம் அதற்குப் பிறகு. நாடகம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் கதையைச் சொல்ல மாட்டார். “சபை சீன்ல மூச்சே உடல” என்பார், அல்லது “பாதியில உட்டுட்டான்” என்பார். அதோடு விமரிசனம் முடிந்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த மறு வருடம் நான் புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். கோப்புகள் பிரெஞ்சில் இருந்தன. புதிதாக வந்த அதிகாரிகள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்கு இரண்டும் அரைகுறை. பகல் முழுவதும் இரண்டு மொழிகளுக்கு நடுவில் தடுமாறிவிட்டு மாலையில் முத்தியால்பேட்டையில் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறைக்குத் திரும்ப வேண்டும். அறையில் ஒரு கட்டில், ஒரு மண் கூஜா, சுவரில் ஓர் ஆணி. அங்கே சீக்கிரம் போய்ச் சேர்வதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. எனவே எங்கே மேடை போட்டிருந்தாலும் போனேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மாதா கோயில் கூடத்தில் புனிதர்களின் கதைகளை நடிப்பார்கள். மாசி மாதத்தில் கடலோரக் குப்பங்களில் கூத்து இருக்கும். வெளியூர்க் கம்பெனிகள் எப்போதாவது வந்து தகரக் கொட்டகை போடும். வெள்ளைக்காரத் தெருவில் ஒரு சங்கத்தில் பிரெஞ்சில் பாட்டும் சிறு நாடகமும் நடக்கும். உள்ளே விட மாட்டார்கள், ஆனால் ஜன்னல்கள் உயரம் குறைவு. எதைப் பார்த்தாலும் அன்றே நாட்குறிப்பில் எழுதிவிடுவேன். என்ன நாடகம், யார் நன்றாகச் செய்தார், எந்த இடத்தில் படுதா சிக்கிக்கொண்டது என்று ஒழுங்காக இருக்கும். அந்தக் குறிப்புகளால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. எழுதாவிட்டால் எனக்கு அந்த நாள் முடிந்ததாகத் தோன்றாது.

கடைசியில் நான் நிலையாகப் போக ஆரம்பித்தது என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு படிப்பகத்தின் பின்னால் இருந்த கொட்டகைக்கு. முன்பு நூல் பேல்கள் அடுக்கி வைத்திருந்த இடம் அது. மில் தொழிலாளர்கள் சிலர், தையற்காரர் ஒருவர், ஓர் ஆர்மோனியக்காரர் என்று வேலை முடிந்து வருகிறவர்கள் சேர்ந்து அங்கே நாடகம் போட்டார்கள். மற்ற ஊர்களில் நாடகம் தொடங்க மணி அடிப்பார்கள். இங்கே பிரெஞ்சுக்காரர்கள் செய்ததைப் பார்த்து, தடியால் மேடைப் பலகையை மூன்று தரம் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் வெற்றிலையை மென்று முடித்துவிடுவார்கள். கடைசி பெஞ்சில் எப்போதும் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் சிலர் இருப்பார்கள். அங்கே மதுவிலக்கு; இங்கே குடிக்க வந்துவிட்டு, பஸ் வரும் வரைக்கும் என்று உள்ளே நுழைந்தவர்கள். அவர்கள்கூட சபைக் காட்சியின் நீண்ட வசனம் வரும்போது சத்தம் போட மாட்டார்கள்.

அந்த வசனத்தைச் சொன்னவன் என் நண்பன். அப்போது நண்பன் ஆகியிருக்கவில்லை. மில்லில் பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் பகுதியில் அவனுக்கு வேலை. ஒல்லியான உடம்பு. தெருவில் பார்த்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றாத முகம். மேடையேறும் முன் புருவத்திலும் காதோரத்திலும் ஒட்டியிருக்கும் பஞ்சை ஈரத்துணியால் துடைத்துக்கொள்வான். துடைத்துவிட்டு மேடைக்கு வந்தால் ஒரு சாண் வளர்ந்தவனைப் போலத் தெரிவான்.

கதை பிரமாதமான கதை அல்ல. பொய்க் குற்றம் சாட்டப்பட்ட ஒரு தளபதியைச் சங்கிலி பூட்டி அரசன் முன் நிறுத்துகிறார்கள். அவன் சபையைப் பார்த்து நியாயம் கேட்கிறான். “எல்லையில் நின்றவன் எதிரி என்றால் ஏணியில் நின்றவன் யார்? வாளெடுத்தவன் வஞ்சகன் என்றால் வாலாட்டியவன் யார்?” என்று தொடங்கி, அரசனின் பாட்டனார் வரை போய், மண்ணை அள்ளி, வானத்தை நோக்கி, திரும்பவும் அரசனிடமே வந்து முடியும். அதை ஒரே மூச்சில் சொல்வான். அவன் தொடங்கியதும் கொட்டகையில் இருப்பவர்களும் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். முடித்த பிறகு அவன் இழுக்கும் மூச்சு கடைசி பெஞ்சு வரை கேட்கும். அதற்குப் பிறகுதான் கைதட்டல்.

நாடகங்களை எழுதி நடத்தியவர் மருந்துக் கடையில் கம்பவுண்டர். மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் வசனம் எழுதுவார். ஒரு நாள் நாடகம் முடிந்ததும் அவரிடம் போய், தளபதியை இடப்பக்கச் சிறையிலிருந்து கொண்டுவந்தார்கள், ஆனால் திரும்ப வலப்பக்கம் கொண்டுபோனார்கள், இது சரியாக இல்லை என்றேன்.

“ஜெயிலு எந்தப் பக்கம் இருந்தா இன்னா தம்பி? குடுக்கறது களிதான்” என்றார்.

“பாக்கறவங்களுக்குக் குழப்பமா இருக்காதா?”

“ஒங்களத் தவிர எவனும் கொழம்பல. கொற சொல்றவங்கள வெளிய உட்டு வெக்கக் கூடாது. நாளைக்கு வந்து புத்தகத்தப் புடிங்க.”

இப்படித்தான் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்குப் பொருத்தமான வேலை. யாரும் என்னைப் பார்க்க வேண்டியதில்லை. எழுத்து எழுத்தாகப் பின்தொடர்ந்தால் போதும்.

அங்கிருந்து பார்க்கும்போது அந்த வசனம் வேறாக இருந்தது. பாயில் உட்கார்ந்து பார்த்தபோது அது குரலாக மட்டும் இருந்தது. பக்கத்தில் நின்றபோது உடம்பைப் பார்த்தேன். கழுத்து நரம்பு கயிறாகப் புடைக்கும். வயிறு உள்ளே ஒட்டிக்கொண்டே போகும். கடைசி வரிகளில் கண்களில் வெள்ளை அதிகமாகத் தெரியும். முடித்து உள்ளே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். முகம் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஒரு மழைக்கால மாலையில், “வாலாட்டியவன் யார்” என்பதைத் தாண்டி, பாட்டனார் வரும் இடத்தில், சின்னதாக ஒரு மூச்சு கேட்டது. அவன் முகத்தை அரை வட்டம் திருப்பி, படுதாவில் எழுதியிருந்த அரண்மனைத் தூணைப் பார்த்து, அதை எடுத்தான். உடனே திரும்பி வசனத்தைத் தொடர்ந்தான். கைதட்டல் வழக்கம்போல இருந்தது.

நாடகம் முடிந்து டீக்கடைக்கு என்னை அழைத்துப் போனான். அதுவரை நாங்கள் அதிகம் பேசியதில்லை.

“கேட்டுச்சா?” என்றான்.

“எது?”

“நீ நடிக்காத. நடிக்கறது என் வேல. கேட்டுச்சா, இல்லியா?”

“கேட்டுது.”

“வேற யாருக்குனா?”

“பக்கத்துல நின்னதால எனக்குக் கேட்டுது. வெளிய கேட்டிருக்காது.”

அவன் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “கொஞ்ச நாளாவே அந்த எடத்துக்கு வந்தா நெஞ்சு பூட்டிக்குது. பூட்டு தொறக்கற வரைக்கும் நிக்க முடியுமா? அதான் தூணப் பாத்தேன்.”

“ஆஸ்பத்திரிக்குப் போனியா?”

“போனா ஒரு ஷிப்டு போவும்.” பிறகு, “கம்பவுண்டருக்குச் சொல்லிடாத” என்றான்.

அந்த மாலையிலிருந்து, ஒத்திகை இல்லாத நாட்களில் நாங்கள் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தோம். புயலில் இடிந்த பழைய கப்பல் துறைப் பாலத்தின் இரும்புக் கம்பங்கள் அலைகளுக்குள் நின்றிருக்கும். அதற்கு நேராக, சுவரில் உட்கார்ந்து வசனத்தைச் சொல்லிப் பார்ப்பான். எந்த இடத்தில் மூச்சை ஒளித்து வைக்கலாம் என்று இருவரும் தேடினோம். முதலில் சங்கிலியைக் கண்டுபிடித்தது அவன். கையில் பூட்டியிருக்கும் சங்கிலியை ஓர் உலுக்கு உலுக்கினால் அந்தச் சத்தத்துக்குள் ஒரு மூச்சு அடங்கும். கிணற்று வாளிச் சங்கிலி அது, நல்ல சத்தம் வரும். நான் ஒன்று சொன்னேன். அரசனைப் பார்த்து ஏளனமாக ஒரு சிரிப்புச் சிரித்தால், சிரிக்கும் முன் யாராக இருந்தாலும் மூச்சை இழுப்பார்கள், அதைக் குறை என்று சொல்ல முடியாது. அவனுக்கு அது பிடித்திருந்தது. “கெட்டிக்காரன்யா நீ. இத்தினி நாளா ஆபீஸ்ல இன்னா பண்ணிக்கினு இருந்த?” என்றான்.

புத்தகத்தில் அந்த இடங்களில் பென்சிலால் சிறு புள்ளி வைத்தேன்.

நன்றாகவே நடந்தது. தேவைக்கு மேல் நன்றாக நடந்தது என்று சொல்ல வேண்டும். சங்கிலி குலுங்கியபோது ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சிரிப்புக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து ‘த்சோ’ என்று சத்தம் வந்தது. மூச்சு வாங்காமல் சொல்வதோடு இப்போது நடிப்பும் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கம்பவுண்டர் அவன் முதுகில் தட்டினார். “இப்பதான்யா சங்கிலி போட்டவன் மாதிரி இருக்க. இத்தினி நாளு மால போட்ட மாப்ள மாதிரி நின்ன.”

அவருக்கு அவன் இருமல் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? கடையிலிருந்து சிவப்பு மிக்சர் மருந்து ஒரு புட்டி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். “ரெண்டு வேள குடி. கசக்கும். வசனம் பேசறவனுக்குக் கசப்பு நல்லது.” அவனும் ஒழுங்காகக் குடித்தான். அதனால் தொண்டையில் ஏதோ இளகியதாகச் சொன்னான். நெஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவன் போனது அடுத்த கோடையில். மில்லில் நின்றபடியே மயங்கி விழுந்ததால் கொண்டுபோனார்கள். இரண்டாவது தடவை அவனோடு நானும் போனேன். பிரெஞ்சில் படித்த தமிழ் டாக்டர். எல்லாரையும் ‘முசே’ என்று மரியாதையாக அழைப்பார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எங்கள் இருவருக்கும் அதில் புகைதான் தெரிந்தது. பஞ்சுத் தூசி உள்ளே படிந்திருக்கிறது, படிந்தது வெளியே வராது, மில்லை விட்டுவிட்டால் இருக்கும் நிலையிலேயே கொஞ்ச காலம் நிற்கலாம் என்றார்.

“மருந்து?” என்று நான் கேட்டேன்.

“இருந்தா குடுக்க மாட்டனா முசே?”

நண்பன் வேறொன்று கேட்டான். “நான் நாடகத்துல பேசறவன் டாக்டர். பேசலாமா?”

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். “பாடறவன், பேசறவன் எல்லாம் இதத்தான் கேக்கறான். நான் வேலைக்குப் போவாதன்னு சொன்னது யாரு காதுலயும் உழறதில்ல” என்றார்.

வேலையை எப்படி விட முடியும்? வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். அவள் தறிக்காரர்களுக்கு ராட்டினத்தில் நூல் தார் சுற்றிக் கொடுப்பாள், அதில் வருவது குழந்தைப் பாலுக்கு. மேஸ்திரியிடம் வேறு பகுதி கேட்டுப் பார்த்தான். பார்க்கலாம் என்றார்.

அவன் வீட்டுக்கு நான் போனபோது அவள் ராட்டினத்தை நிறுத்தாமலே பேசினாள்.

“அண்ணே, நாடகத்துக்குப் போவாதன்னு நான் சொல்லல. அதுவும் இல்லன்னா ஊட்ல மூஞ்சப் பாக்க முடியாது. ராஜாவா குந்திக்கினு இருக்கட்டும். அந்த ஒரு பேச்சு மட்டும் வேணாம்னு நீங்க சொல்லுங்க.”

உள்ளேயிருந்து அவன் குரல் கொடுத்தான். “ராஜாவுக்கு வசனமே கெடையாதுடி. ‘இவனை இழுத்துச் செல்லுங்கள்’, அவ்ளோதான்.”

“அதையே சொல்லு. என்னத்தான் நீ தெனம் இழுத்துக்கினு போற, பழக்கமாச்சே.”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. ராட்டினம் நின்றுவிட்டது. இருமல் அடங்கியதும் அவள் திரும்பவும் சுற்றத் தொடங்கினாள்.

நாங்கள் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு வந்தது. குழுவின் ஆண்டு விழாவுக்கு அதே நாடகத்தைப் போடுவது என்று முடிவாயிற்று. கம்பவுண்டர் ஒரு கட்டு மருந்துச் சீட்டுகளோடு ஒத்திகைக்கு வந்தார். தளபதியின் வசனத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக நீட்டியிருந்தார். அரசனின் பாட்டனாரோடு இப்போது முப்பாட்டனாரும் வந்திருந்தார். கடல், மலை, காவிரி எல்லாம் சேர்ந்திருந்தன.

“ஒன் நெஞ்சு இப்ப தெளிஞ்சு போச்சு. நான் கவனிச்சிக்கினுதான் வர்றேன்” என்று அவனிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், “மிக்சர் வேல செஞ்சிடுச்சு தம்பி. இந்த ஜில்லாவுலயே இவன் மாதிரி மூச்சு எவனுக்கும் இல்ல. விழாவுக்கு வர்றவங்க பாக்கட்டும்” என்றார்.

நாங்கள் ஒளித்து வைத்த மூச்சுகள் அவர் கண்ணில் படவேயில்லை. பட்டிருந்தால் வசனத்தைக் குறைத்திருப்பார். நன்றாக ஒளித்துவிட்டதால் நீட்டிவிட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் யார் மேலும் கோபம் வருவதில்லை. அவர் அவன்மீது வைத்த பிரியத்தால்தான் அதைச் செய்தார்.

திரும்பி நடக்கும்போது, உள்ளதை அவரிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

“சொன்னா? நாளைக்கே கையில ஈட்டியக் குடுத்து ஓரமா நிறுத்திடுவாரு.” நின்று, மூச்சு வாங்கிவிட்டு நடந்தான். “மில்லுல என்ன ஓரமா நிறுத்த ஆளு ரெடியா இருக்கான். இங்கியாவது நடுவுல நிக்கறேன். அதையும் போக்கிக்கணும்ன்றியா?”

மறுநாள் மறுபடி கடற்கரைக்குப் போனோம். புத்தகத்தில் புதிய புள்ளிகளைத் தேடினோம். மண்ணை அள்ளக் குனியும்போது ஒன்று. அரசனுக்கு முதுகைக் காட்டிச் சபையோரைப் பார்க்கும்போது ஒன்று. சங்கிலியை இன்னும் அதிகமாக உலுக்க வேண்டியிருந்தது. கடற்கரையில் சில மாலைகளில் முழுவதும் வந்தது. சில மாலைகளில் காவிரிக்கு முன்பே நின்றுவிடும். வந்த மாலைகளில் கடலை வாங்கித் தின்றபடி வீட்டுக்குத் திரும்புவோம். வராத மாலைகளில், நாளைக்கு வரும் என்று யாராவது ஒருவர் சொல்வோம்.

விழாவன்று கூட்டம் கொட்டகை கொள்ளவில்லை. மில்லில் அவனோடு வேலை செய்கிறவர்கள் பகல் ஷிப்டு முடிந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பக்கத் தட்டிகளைக் கழற்றிவிட்டார்கள்; வெளியே தெருவிலும் ஜனங்கள் நின்றார்கள். அவன் மனைவி பெண்கள் பக்கத்தில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் தூங்கியது. தடியால் தட்டினார்கள். படுதா ஏறியது.

சபைக் காட்சி வரை ஒரு தடங்கலும் இல்லை. அவன் தொடங்கினான். எதிரி, ஏணி, வாள் எல்லாம் சரியாகப் போயின. சங்கிலி குலுங்கியது. ஒரு மூச்சு. சிரித்தான். இன்னொரு மூச்சு. சபையோரைப் பார்த்துத் திரும்பினான். இப்போது அவன் முகம் எனக்கு நேராக இருந்தது. வாய் திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் போகவில்லை. மறுபடி திரும்பி முப்பாட்டனாரைத் தொட்டான். மண்ணை அள்ளக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

அடுத்த வரியை நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் அசையவில்லை. கொஞ்சம் உரக்கக் கொடுத்தேன். வெளியே கேட்கும் அளவுக்கு மூன்றாவது முறை கொடுத்தேன். அவன் தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, வேண்டாம் என்று ஆட்டினான்.

அப்போது கீழே பாயிலிருந்து யாரோ ஒருவர் இருமினார். வசனம் நடக்கும்போது கொட்டகையில் யாரும் இரும மாட்டார்கள், அடக்கிக்கொள்வார்கள் என்பதை அப்போதுதான் நான் உணர்ந்தேன். இன்னொருவர் இருமினார். பிறகு பெஞ்சிலிருந்து, தூண் பக்கமிருந்து, தட்டிக்கு வெளியிலிருந்து. மில்லில் அவனோடு பஞ்சில் நிற்கிறவர்கள். அவனுக்காக இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை ஒவ்வொருவராக விட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருமல். அது அடங்கும் வரை மேடையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அரசனாக உட்கார்ந்திருந்த தையற்காரர் கடைசியில் தன் வசனத்தைச் சொல்லிவிட்டார். “இவனை இழுத்துச் செல்லுங்கள்.” காவலர்கள் இருவரும் அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தார்கள். யாரும் கூவவில்லை. கூவியிருந்தால் அவனுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். கம்பவுண்டர் உரலில் எதையோ பொடித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சங்கிலிய ஆட்டறப்ப எடுத்துக்கினு இருந்தானா?”

“ஆமாம்.”

“ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நான் மருந்து கட்றவன் தம்பி. மருந்து கேக்குதுன்னு நெனச்சேன்.” திரும்பவும் பொடிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அவர் அவனைப் பார்க்க வீட்டுக்குப் போய், உடம்பு தேறட்டும், வேஷம் எங்கேயும் போகாது என்று சொல்லியிருக்கிறார். அவனும் சரி என்று சொல்லியிருக்கிறான். வேஷம் தபால் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞனுக்குப் போயிற்று. அகன்ற மார்பு, நல்ல குரல். நீட்டிய வசனத்தையே ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னான். நான் புத்தகத்தோடு அதே இடத்தில் நின்றேன்.

நண்பன் ஒரே ஒரு மாலை பார்க்க வந்தான். கடைசி பெஞ்சில், குடித்துவிட்டு வந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் அவனோடு வீடு வரை நடந்தேன். நடக்க நேரமாயிற்று, நின்று நின்று போக வேண்டியிருந்தது.

“அந்தப் பையன் எதுக்கு அங்க சங்கிலிய ஆட்டறான்?” என்றான்.

“நீ ஆட்டுன இல்ல.”

“அவனுக்குத்தான் மூச்சு இருக்கே.”

“அந்த எடத்துல ஆட்டணும்னு கம்பவுண்டர் சொல்லியிருக்காரு. சிரிக்கறது, திரும்பறது எல்லாம் அப்படியே இருக்கணுமாம்.”

அவன் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். “ஜனங்க தட்டுனாங்க இல்ல, அந்த எடத்துல?”

“தட்டுனாங்க.”

“அது நல்ல எடம்தான்” என்றான்.

மில்லில் அவனை வாசல் கேட்டில் காவலுக்கு மாற்றினார்கள். பிறகு கேட்டில் நிற்கவும் முடியாமல் போக, கணக்கைத் தீர்த்து அனுப்பினார்கள். ஊர் அதிகாரபூர்வமாக இந்தியாவோடு சேர்ந்த அந்த ஆண்டில் எங்கே பார்த்தாலும் யார் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்கள், யார் இல்லை என்பதே பேச்சாக இருந்தது. அவன் சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வராது. “பிரெஞ்சுக்காரனா எழுதிக் குடுத்தா புது நெஞ்சு குடுப்பானா, கேட்டுச் சொல்லு. ஒங்க ஆபீஸ்தான” என்றான். நான் கேட்கிறேன் என்றேன்.

வாரத்தில் சில மாலைகள் அவனிடம் போய், அன்று பார்த்த நாடகத்தைச் சொல்வேன். அவனுக்கு நான் சொல்லும் விதம் பிடிக்கும். யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், எங்கே ஆர்மோனியம் தவறியது, எந்த வரியை விழுங்கினார்கள் என்று வரிசையாகச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். நடுவில் பேச மாட்டான், முடியாது.

ஒரு நாள் நான் கிளம்பியபோது அவன் மனைவி தெருமுனை வரை கூடவே வந்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கி அவரு தூங்கறதில்ல. நீங்க போனதும் அந்தப் பேச்ச ஆரம்பிக்கறாரு. ரெண்டு வார்த்த வருது. அப்புறம் அடைச்சிக்குது. அடங்கினதும் மறுபடி மொதல்லேருந்து. வேணாம்னா கேக்கறதில்ல. இன்னிக்கி வந்துடும், இன்னிக்கி வந்துடும்னே சொல்லிக்கினு இருக்காரு.”

“நான் வேற ஏதாவது பேசறேம்மா.”

“நீங்க இன்னா பேசினாலும் அவருக்கு அதான் ஞாபகம் வருது.” குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “கொஞ்ச நாளைக்கு வராதீங்கண்ணே.”

சரி என்றேன். அந்தக் கொஞ்ச நாள் முடியும் முன்பே அவன் போய்விட்டான். செய்தி எனக்கு அலுவலகத்தில் தெரிந்தது. அன்று மாலை கொட்டகையில் நாடகம் இருந்தது. கம்பவுண்டர் நிறுத்தவில்லை, டிக்கெட் கொடுத்துவிட்டோம் என்றார். எனக்குப் பதிலாகப் புத்தகத்தை ஆர்மோனியக்காரரின் மருமகன் பிடித்தான். நான் நண்பன் வீட்டு வாசலில், மில்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவ்வப்போது ஒருவர் எழுந்து தெருப்பக்கம் போய் இருமிவிட்டு வந்து உட்கார்ந்தார்.